பழைய 800-ஐத் தூக்கணுமா? முதல்ல டேப்பை எடுங்க

உங்க வீட்டுல பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடின கார் ஒண்ணு நிக்குதா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அது மாருதி 800-ஆ இருந்தா இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த வண்டி, 2014 ஜனவரியோட தயாரிப்பு நின்னுபோச்சு. ஆக, இன்னிக்கு ஓடுற எந்த 800-ஐ எடுத்தாலும் பத்து வயசைத் தாண்டினதுதான். அந்த வயசுல பெரும்பாலான வண்டிக்கு வர்ற வியாதியும் ஒண்ணுதான்: வேகத்தடை ஏறி இறங்கும்போது அடிவயிறு உரசும்.

அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. வீட்ல அஞ்சு பேரும் கிளம்பி கோயிலுக்குப் போறோம். ஊர் முனையில ஒரு வேகத்தடை. அப்பா வண்டியை நிறுத்திட்டு "எல்லாரும் இறங்குங்க" என்பார். அம்மா, அம்மாயி, பையோட தங்கச்சி எல்லாரும் வரிசையா நடந்து அந்தப் பக்கம் போய் நிப்பாங்க. வண்டி காலியா ஏறி வரும். மறுபடியும் ஏறுவோம். அடுத்த வேகத்தடை 200 மீட்டர்ல இருக்கும்.

இதுக்கு ஒரே வழி வண்டியைத் தூக்கிடறதுதான்னு இப்ப ஒரு அலை அடிக்குது. ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல சொருகற ரப்பர் பஃபர் ஆன்லைன்ல கிடைக்குது. லேத் பட்டறையில அலுமினிய ஸ்பேசர் கடைஞ்சு தர்றாங்க. "வீட்டுலயே ஒரு மணி நேரத்துல காரைத் தூக்குங்க"ன்னு வீடியோ வேற. எங்க அப்புச்சியோட 2006 மாடல் 800-ஐ ரெண்டு இன்ச் தூக்கியே தீரணும்னு எங்க பெரியப்பா பையன் ஒரு மாசமா பிடிவாதமா நின்னார். தினமும் காலையில பால் சொசைட்டிக்கும், சாயங்காலம் கடைக்கும் போய் வர்ற வண்டி அது. வாரக் கடைசியில வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போகும். எங்க அண்ணன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இந்த விஷயத்துல நான் அவருக்கு எதிர்க் கட்சி.

என் கட்சி இதுதான்: அந்த வண்டியை அது பிறந்தப்ப இருந்த உயரத்துக்குக் கொண்டு வாங்க. அதுக்கு மேல வேணும்னா டயர்ல ஒரு சின்ன வித்தை பண்ணலாம். ஸ்பேசர், பஃபர் ரெண்டுமே வேண்டாம். ஏன்னு கணக்கோடயே சொல்றேன். நம்மளும் நாலு வருஷம் ஃபீஸ் கட்டி இதைத்தானே படிக்கிறோம்.

முதல்ல அளவு. "வண்டி தாழ்ந்து போச்சு"ன்னு சொல்ற பத்துப் பேர்ல ஒருத்தர் கூட டேப் வச்சு அளந்திருக்க மாட்டார். தரையிலிருந்து அடிப்பகுதி வரைக்கும் அளந்தா டயர் தேய்மானம், காத்து எல்லாம் கலந்து குழப்பிடும். அதனால சக்கரத்தோட நடு மையத்திலிருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளக்கணும். சமதரையில, வண்டி காலியா, டயர்ல சரியான காத்தோட. ஜாக்கியில ஏத்தி இறக்கின உடனே அளக்கக் கூடாது. நாலு மூலையையும் ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டு, வண்டியைப் பத்தடி முன்னப் பின்ன உருட்டிட்டு அப்புறம் அளக்கணும். இல்லேன்னா சஸ்பென்ஷன் எங்கேயாவது பிடிச்சுக்கிட்டு நின்னு பொய்க் கணக்கு காட்டும்.

நாலு மூலையையும் எழுதி வச்சுப் பாருங்க, வண்டியோட சரித்திரமே அதுல தெரியும். எங்க வண்டியில முன்னாடி டிரைவர் பக்கம், மத்தப் பக்கத்தை விட 7 மி.மீ தாழ்வு. இத்தனை வருஷமா அப்புச்சி தனியா ஓட்டிக்கிட்டுப் போனது அந்த 7 மி.மீ-ல பதிவாகி இருக்கு. பழைய ஸ்பிரிங்கைக் கழட்டி, கடையில புது ஸ்பிரிங் பக்கத்துல நிறுத்தி வச்சா மீதிக் கதையும் தெரியும். புதுசைப் போட்ட பிறகு திரும்ப அளந்தா, சராசரியா 20 மி.மீ ஏறியிருந்தது. அதாவது முக்கால் இன்ச்சுக்கும் மேல வண்டி தானா உட்கார்ந்து போயிருக்கு.

ஸ்பிரிங் ஏன் உட்காருது? வருஷக்கணக்கா பாரத்தைத் தாங்கித் தாங்கி எஃகு கொஞ்சம் கொஞ்சமா தளரும், அது ஒண்ணு. துரு இன்னொண்ணு. இதைத்தான் யாரும் கணக்குல எடுக்கறதில்ல. மெஷின் டிசைன் பேப்பர் எழுதினவங்க பிஎஸ்ஜி டேட்டா புக்கைத் திறந்து ஸ்பிரிங் பக்கத்தைப் பாருங்க. ஸ்பிரிங்கோட விறைப்புச் சூத்திரத்துல கம்பியோட விட்டம் நாலாம் அடுக்குல மேல நிக்குது. சுருளோட விட்டத்தின் மூணாம் அடுக்கும், வேலை செய்யற சுத்துகளோட எண்ணிக்கையும் கீழ நிக்குது. 10 மி.மீ கம்பி துருப்பிடிச்சு 9.5 ஆனா என்ன ஆகும்? 5 சதவீதம்தானேன்னு தோணும். ஆனா 0.95-ஐ நாலு தடவை பெருக்கினா 0.81 தான் வருது. விறைப்புல கிட்டத்தட்ட 19 சதவீதம் போச்சு. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லி, ஸ்பிரிங்குல அஞ்சுல ஒரு பங்கைத் தின்னுடுது.

இப்ப அந்த ரப்பர் பஃபர் கதைக்கு வருவோம். பஃபரை ரெண்டு சுத்துக்கு நடுவுல சொருகினா, அந்த இடத்துல ஸ்பிரிங் அசையாது. அதாவது கீழ இருக்கற சுத்து எண்ணிக்கை குறையுது. வேலை செய்யற சுத்து ஆறுல ஒண்ணு பூட்டிக்கிச்சுன்னா மீதி அஞ்சு. விறைப்பு 20 சதவீதம் ஏறும். வண்டி நிமிரும், நிஜம்தான். பாரம் ஏத்தினா முந்தி மாதிரி பொத்துனு உட்காராது, அதுவும் நிஜம்தான். போட்டவங்க "சூப்பர் மச்சான்"னு சொல்றதும் இதனாலதான். ஆனா அசையற வேலை முழுக்க மிச்சம் இருக்கற சுத்துகள் தலையில விழுது. ஏற்கனவே துருப்பிடிச்சு மெலிஞ்சு நிக்கிற கம்பி அது. பஃபர் உட்கார்ந்த இடத்துல மண்ணும் தண்ணியும் சேர்ந்து, பெயின்ட் உரிஞ்சு, துரு இன்னும் வேகமா ஏறும். கிழவர் முதுகு கூனிப்போச்சுன்னு முதுகெலும்பு நடுவுல கட்டையைச் சொருகி நிமிர்த்தற மாதிரி வைத்தியம் இது. ஷாக் அப்சார்பர் வேற பழைய விறைப்புக்குன்னு செஞ்சது. புது விறைப்பை அதால அடக்க முடியாது, வண்டி துள்ளும்.

அலுமினிய ஸ்பேசர் இன்னொரு ரகம். 800-ல முன்னாடி இருக்கறது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஸ்ட்ரட்டோட தலைக்கும் பாடிக்கும் நடுவுல ஸ்பேசர் வச்சா, ஸ்பிரிங்கை யாரும் தொடல, விறைப்பு மாறல. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி உயர்ந்த அதே அளவுக்குக் கீழ் ஆர்ம் சாய்ஞ்சு தொங்குது. அந்த ஆர்ம் 300 மி.மீ நீளம்னு வச்சுக்கிட்டா, எங்க அண்ணன் கேட்ட 50 மி.மீ-க்கு அது 9, 10 டிகிரி கூடுதலா சாயும். ஆக்சிலும் கூடவே சாயும். அதோட மூட்டுக்கு மேல இருக்கற ரப்பர் பூட் தினமும் அந்தக் கோணத்துல சுத்திச் சுத்திக் கிழியும். கிரீஸ் வெளியே போகும். மண் உள்ளே போகும். ஆறு மாசம் கழிச்சு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா "கடக் கடக்"னு சத்தம் வரும். அப்ப யாரும் ஸ்பேசரைக் குத்தம் சொல்ல மாட்டாங்க, "பழைய வண்டி, அப்படித்தான்" என்பாங்க.

ஸ்பேசரை ஸ்ட்ரட்டுக்கு மேல வைக்காம ஸ்பிரிங்குக்கு அடியில வச்சாலும் கதை சரியாகாது. ஸ்ட்ரட் எப்பவும் கொஞ்சம் நீண்டபடியே நிக்கும். பள்ளம் வந்தா சக்கரம் கீழ இறங்க மிச்ச இடம் குறைவு. ஸ்ட்ரட் முழுசா நீண்டு "டக்"னு முட்டும். வேகத்தடைக்குப் பயந்து பண்ணின வேலை, பள்ளத்துல பழி வாங்கும்.

அப்புறம் ஹெட்லைட். இதைப் பத்தி எந்த வீடியோலயும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. முன்னாடி மட்டும் 25 மி.மீ தூக்கறோம்னு வைங்க. 800-ஓட வீல்பேஸ் 2175 மி.மீ. 25-ஐ 2175-ஆல வகுத்தா 1.15 சதவீதம் மூக்கு நிமிர்ந்து நிக்குது. லோ பீமைச் சாதாரணமா 1 சதவீதம் கீழ பார்த்த மாதிரிதான் வைப்பாங்க. அந்தச் சாய்வு முழுக்க காலி. 25 மீட்டர் தூரத்துல வெளிச்சம் ஏறக்குறைய 29 செ.மீ மேல ஏறிடும். நீங்க லோ பீம்ல போறதா நினைச்சுக்கிட்டுப் போவீங்க. எதிர்ல டிவிஎஸ் 50-ல வர்ற பெரியவர் கண்ணை மூடிக்கிட்டு ஓரம் தேடுவார். அவர் விழுந்தா அது செய்தியில "எதிர்பாராத விபத்து"ன்னு வரும்.

வளைவுல சாய்றதையும் சேர்த்துக்கங்க. வண்டியோட எடை மையம் தரையிலிருந்து 500 மி.மீ-ன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு இன்ச் தூக்கினா 10 சதவீதம் கூடுது. திரும்பும்போது உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறுற பாரமும் அதே 10 சதவீதம் கூடும். 1.2 மீட்டர் அகலத்துல நாலு சின்ன 12 இன்ச் சக்கரத்துல நிக்கிற வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்ல. முன்னால போற ஆட்டோ திடீர்னு நின்னா, நீங்க ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கிற அந்த ஒரு நொடியிலதான் இந்தக் கணக்கு வெளியே வரும். பின் சீட்ல யார் இருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, தூக்காமலே உரசல் நிக்குமா? இதுலதான் விஷயம் இருக்கு. காலி 800-க்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. பழைய ஸ்பிரிங்கால 20 போச்சு. அஞ்சு பேர் ஏறினா எவ்வளவு இறங்கும்? வண்டியே சுமார் 650 கிலோ. அஞ்சு பேரும் சாமானும் சேர்ந்தா 300-ஐத் தாண்டும். வண்டி எடையில பாதி! பின்னாடி ஒரு சக்கரத்துக்கு 80 கிலோ கூடுதல், ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்னு போட்டா, 39 மி.மீ இறங்கும். முன்னாடி இதை விடக் குறைவு. வண்டியோட நடுப்பகுதி சராசரியா 30 மி.மீ இறங்குதுன்னு எடுத்துக்குவோம். 170-ல 20 போய், 30 போய், மிச்சம் 120.

நம்ம ஊர் வேகத்தடை எவ்வளவு உயரம்? எங்க ஊர் முனையில இருக்கறதை அளந்தேன். உயரம் 14 செ.மீ, அகலம் 40 செ.மீ. முன் சக்கரம் தாண்டி இறங்கிடும், பின் சக்கரம் இன்னும் ஏறல, நடுவுல 140 மி.மீ கான்கிரீட் நிக்கும். 120 வச்சுக்கிட்டு 140-ஐத் தாண்ட முடியாது. அதனாலதான் அம்மாயி இறங்கி நடக்கறாங்க.

புது ஸ்பிரிங் போட்டா 20 திரும்பி வரும். 140-க்கு 140. மயிரிழையில நக்கிட்டுப் போகும். இங்கதான் அந்த டயர் வித்தை. 800-ல வர்றது 145/70 ஆர்12. ஆல்டோவுல வர்றது 145/80 ஆர்12. ரிம் அதே 12 இன்ச், அகலம் அதே 145. பக்கச் சுவர் மட்டும் உயரம். விட்டம் 508-லிருந்து 537 மி.மீ-க்குப் போகுது, தரையிலிருந்து 14.5 மி.மீ லாபம். ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து 34 மி.மீ. ஒரு ஆர்மும் சாயல, ஒரு மூட்டும் ஒடியல, நாலு மூலையும் ஒரே மாதிரி உயர்றதால ஹெட்லைட் கோணமும் மாறல. 140-க்கு எதிரா இப்ப 154 இருக்கு.

டயருக்கும் விலை உண்டு, மறைக்க விரும்பல. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா நிஜ வேகம் 63-ஐத் தாண்டியிருக்கும். பிக்கப் கொஞ்சம் மந்தமாகும். எடை மையமும் அந்த 14.5 உயரும், ஆனா 50-க்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. டயர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, பாரத்தோட மட்கார்டு உள்பக்கம் உரசுதான்னு பார்த்துடுங்க. டயர் கடைக்காரர் நல்லவரா இருந்தா விடுவார்.

இதுக்கெல்லாம் முன்னாடி, சும்மா தரையில படுத்து வண்டிக்கு அடியில ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. சைலன்சரைத் தாங்கற ரப்பர் வளையம் அறுந்து, பைப் ஒரு இன்ச் தொங்கிக்கிட்டு இருக்கலாம். அப்படி இருந்தா உரசறது வண்டி இல்ல, பைப்தான். டீ செலவுல முடிய வேண்டிய வேலைக்கு யாரும் ஸ்பேசர் கடைய வேண்டாம்.

இப்ப "வீட்டுலயே" என்கிற விஷயம். வீட்டுல வேலை செய்யறதுக்கு நான் எதிரி இல்ல. ஹாஸ்டல் ரூம்ல மிக்ஸி மோட்டாரைக் கழட்டி மாட்டினவங்கதான் நாமெல்லாம். அளக்கறது, பின் ஸ்பிரிங் மாத்தறது ரெண்டையும் தாராளமா வீட்டுல செய்யுங்க. எங்க வண்டியில பின்னாடி ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. ரெண்டு பக்கமும் பாடியை ஸ்டாண்டுல உட்கார வச்சு, ஆக்சிலை ஜாக்கியால தாங்கிக்கிட்டு, ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழட்டி, மெதுவா ஆக்சிலை இறக்கினா ஸ்பிரிங் இறுக்கம் விட்டுக் கையோட வந்துடும். பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு மட்டும் ஒரு கண் வச்சுக்கணும். வண்டியோட வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதும்மேல வண்டியை நிறுத்திட்டு அடியில படுக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். அந்தக் கல் விரிசல் விட்டு உடையறதுக்கு முன்னாடி எந்த அறிகுறியும் காட்டாது.

முன் ஸ்பிரிங் மட்டும் வீட்டுல வேண்டாம். ஸ்ட்ரட் மேல அது அமுங்கின நிலையிலேயே கட்டப்பட்டிருக்கு. மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்பு உள்ள ஸ்பிரிங்கை 150 மி.மீ அமுக்கினா, உள்ளே அடைஞ்சு கிடக்கிற சக்தி 225 ஜூல். 5 கிலோ எடைக்கல்லைப் பதினஞ்சு அடி உயரத்திலிருந்து விட்டா கீழ வந்து விழும்போது அதுக்கு இருக்கற சக்தி அது. ரெண்டு கொக்கி போட்டு முறுக்கற மலிவு கம்ப்ரஸர்ல ஒரு கொக்கி வழுக்கினா அந்தக் கல் உங்க முகத்துக்கு நேரா வருது. பட்டறையில சுவத்தோட பதிச்ச கம்ப்ரஸர் இருக்கும். ஸ்ட்ரட்டைக் கழட்டிக் கொண்டுபோய் கொடுங்க, பத்து நிமிஷ வேலை. கொண்டு போறதுக்கு முன்னாடி நடு நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமேன்னு கூட ஸ்பேனரை வைக்காதீங்க. அங்கேயே மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ரப்பர் எல்லாத்தையும் பார்த்து மாத்திடணும். ஸ்பிரிங் ஜோடியாத்தான் மாத்தணும்னு சொல்லத் தேவையில்ல.

ஒரு நுணுக்கம், நல்ல மெக்கானிக்குகளே சில சமயம் அவசரத்துல விடறது. ரப்பர் புஷ் இருக்கற போல்ட்டை எல்லாம் வண்டி தொங்கற நிலையில இறுக்கக் கூடாது. கையால மாட்டி விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, சக்கரம் பாரத்தைத் தாங்கின பிறகுதான் முழு இறுக்கம். இல்லேன்னா புஷ் வாழ்நாள் முழுக்க முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கழட்டறதுக்கு முன்னாடி ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ற இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வைங்க. எல்லாம் முடிஞ்சதும் நேரா அலைன்மென்ட். உயரம் மாறினா டோ மாறும். டோ மாறினா புது டயர் ஒரு ஓரமா தேஞ்சு போகும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதைக் கறாரா சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் விதிக்கலாங்குது. "ஆர்.சி-ல கிரவுண்ட் கிளியரன்ஸ்னு கட்டமே இல்லையே"ன்னு எங்க அண்ணன் வாதாடினார். வாதம் நல்லாத்தான் இருந்துச்சு. விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னாடி நின்னு அதையே சொல்லிப் பாருங்கன்னேன்.

ஆனா எங்க அண்ணன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரல. "ஸ்பிரிங்கை மாத்து, டயரை மாத்து, அலைன்மென்ட் பண்ணுங்கறே. எல்லாத்துக்கும் காசு எங்க வண்டியிலிருந்துதான் போகுது. அந்த வேகத்தடையைப் போட்டவன் என்ன பண்றான்?" நியாயமான கேள்வி.

வேகத்தடைக்கு அளவு இல்லாம இல்ல. இந்தியச் சாலைப் பேராயம் 1988-லயே ஐஆர்சி 99 என்ற வழிகாட்டியில போட்டு வச்சிருக்கு. 25 கி.மீ வேகத்துல தாண்டற வேகத்தடைக்கு உயரம் 10 செ.மீ, அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தோட வளைவு. 3.7 மீட்டர்! எங்க ஊர் முனையில இருக்கறது 40 செ.மீ.

இந்த அகலத்துக்குள்ள என்ன இருக்குன்னு கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. 800-ஓட வீல்பேஸ் 2.175 மீட்டர். 3.7 மீட்டர் அகல வேகத்தடை மேல வண்டி முழுசா ஏறி உட்கார்ந்துடும். ரெண்டு சக்கரமும் வளைவு மேலேயே இருக்கும். அப்ப நடுவுல வளைவு எவ்வளவு துருத்துதுன்னு பார்த்தா போதும். நாணோட நீளத்தை வர்க்கமாக்கி, ஆரத்தோட எட்டு மடங்கால வகுக்கணும். 2.175 வர்க்கம் 4.73, எட்டுப் பெருக்கல் 17, 136, வகுத்தா 0.035 மீட்டர். 35 மி.மீ. அவ்வளவுதான். 10 செ.மீ உயரமுள்ள சரியான வேகத்தடை, வண்டியோட வயித்துக்குக் கிட்ட வெறும் 35 மி.மீ தான் வருது. பழைய ஸ்பிரிங்கோட, அஞ்சு பேரோட, 120 மி.மீ மிச்சம் இருக்கற எங்க வண்டி கூட அதைச் சிரிச்சுக்கிட்டே தாண்டும். 14 செ.மீ-ஐ 10 ஆக்கறதை விட, 40 செ.மீ-ஐ 3.7 மீட்டர் ஆக்கறதுலதான் வித்தியாசம் இருக்கு.

ஆக உரசலுக்குக் காரணம் நம்ம வண்டியோட வயசு பாதி. ராத்திரியோட ராத்திரியா ரெண்டு சட்டி கான்கிரீட்டைக் கொட்டி, கரண்டியால தடவி விட்டுட்டுப் போன வேலை மீதி. வெள்ளைக் கோடும் இல்லாம, எச்சரிக்கைப் பலகையும் இல்லாம கிடக்கிற அந்த மேட்டுல ராத்திரி பைக்ல வர்றவங்க விழறதுக்கு ஸ்பேசரும் இல்ல, பஃபரும் இல்ல. அந்தத் தெருவுல குழந்தைங்க விளையாடுது, வண்டி வேகமா வருதுன்னு ஊர்க்காரங்களே கேட்டுப் போட்டது அது. அவங்க பயம் நிஜம். வேகத்தடை வேணும். ஆனா அது வேகத்தைத் தடுக்கணும். 20-ல வர்ற அப்புச்சியையும், கர்ப்பிணியை ஏத்திக்கிட்டு வர்ற ஆட்டோவையும் தண்டிக்கக் கூடாது.

எங்க அப்புச்சி வண்டிக்கு இப்ப நாலு புது ஸ்பிரிங், 145/80 டயர், அலைன்மென்ட் எல்லாம் முடிஞ்சுது. ஊர் முனையில அஞ்சு பேரோட உரசாமப் போகுது, எங்க அண்ணன் கூட இருந்து பார்த்தார். "ரெண்டு இன்ச் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்"னு இன்னமும் சொல்றார், அது வேற. ஆனா செமஸ்டர் லீவுல என்னைக் காலேஜ்ல விட வந்தப்போ, மெயின் கேட்டைத் தாண்டி மெக்கானிக்கல் பிளாக் போற வழியில இருக்கற மூணு மேட்டுல ரெண்டாவதுல வண்டி "சர்ர்"னு இழுத்துச்சு. பொறியியல் சொல்லித் தர்ற இடத்துல, சிவில் டிபார்ட்மென்ட் ஜன்னலிலிருந்து பார்த்தா தெரியற தூரத்துல.

வர்ற சனிக்கிழமை காலையில நானும் ரூம்மேட் ரெண்டு பேரும் அந்த மூணையும் அளக்கப் போறோம். ஒரு நேர் கம்பி, நூல், டேப், நோட்டு போதும். சிவில்ல இருந்து லெவலிங் கருவி எடுத்துக்கிட்டு வர யாராவது இருந்தா ரொம்ப நல்லது. உயரத்தை 10 செ.மீ இடைவெளியில குறிச்சு, ஐஆர்சி வளைவுக்குப் பக்கத்துல வரைஞ்சு, எஸ்டேட் ஆஃபீஸ்ல மனுவோட சேர்த்துக் கொடுக்கலாம். ஏழு மணிக்கு மெயின் கேட் வாட்ச்மேன் ரூம் கிட்ட நிப்போம். எட்டுக்கு மேல பஸ் எல்லாம் உள்ளே வர ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள முடிக்கணும்.